வயசான நாயை கார்ல கூட்டினு போறப்ப பண்ற தப்புங்க

எங்க டைகருக்கு 13 வயசு ஆகுது, பின்னங்கால் மூட்டு தேஞ்சு போச்சு, கிட்னியும் வீக். காட்பாடில இருந்து சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டினு போறோம், அதுல நாங்க பண்ண தப்ப நீங்களும் பண்ணக்கூடாதுன்னு தான் எழுதுறேன்.

மொதல்ல எல்லாரும் பண்றது, சீட்டு மேல ஒரு பெட்ஷீட்ட விரிச்சு அப்படியே ஏத்திடறது. ராணிப்பேட்டை வர்றதுக்குள்ள டைகருக்கு பின்னங்கால் ரெண்டும் வெடவெடன்னு நடுங்குச்சு, குளிருது போலன்னு ஏசிய கொறச்சேன், அப்புறம் தான் கவனிச்சேன், ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கி விழாம இருக்க நகத்த ஊனி ஊனி நின்னுனு வந்திருக்கு பாவம். மூட்டு வலிக்காரங்கள பஸ்ல கம்பி கூட இல்லாம நிக்க வச்ச மாதிரி. இப்போ முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல தலகாணி திணிச்சு மட்டம் பண்ணி, மேல மெத்தை, அதுமேல யோகா மேட் போட்டுடறோம், நல்லா படுத்துனு வருது. கார் சீட் பெல்ட்டையும் கழுத்துப் பட்டைல மாட்டாதீங்க, நெஞ்சோட போடுற ஹார்னெஸ் தான் சரி.

வாந்தி எடுக்கும், ஒண்ணுக்கு போயிடும்னு தண்ணிய நிறுத்துறது ரொம்ப தப்பு. கிட்னி வீக்கான நாய்க்கு தண்ணி ஒண்ணுக்கா போயினே இருக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா குடுத்துனே இருக்கணும். சாப்பாட்ட மட்டும் மூணு நாலு மணி நேரம் முன்னாடியே கம்மியா குடுங்க (சுகர் இருந்தா டாக்டர கேட்டுட்டு). காவேரிப்பாக்கம் பக்கத்துல நிழலா பாத்து ஒரு தடவ எறக்கி விடுவோம்.

வலிக்குதேன்னு வீட்ல இருக்கிற பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் குடுத்துடாதீங்க, நாய்க்கு அது விஷமா போயிடும். தூக்க மாத்திரையும் நாமளா குடுக்கக்கூடாது, ஹார்ட் பிரச்சனை இருந்தா பிரஷர் எறங்கிடும்.

டீ குடிக்கிற நேரம் தானேன்னு கண்ணாடிய கொஞ்சமா எறக்கி கார்லயே வுட்டுட்டு போறாங்க, நம்ம வேலூர் வெயில்ல அத பாத்தாலே எனக்கு பதறுது. பத்தே நிமிஷத்துல உள்ள 10 டிகிரி ஏறிடும், நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்ட தணிக்கணும். நாங்க விடிகாலை நாலு மணிக்கே கெளம்பிடுவோம்.

எறக்கறப்ப முன்னங்கால புடிச்சு இழுக்காதீங்க, அடிவயித்துல துண்ட குடுத்து பின்பக்கத்த தாங்குங்க. எறங்கினதும் வா வான்னு அவசரப்படுத்தாம ரெண்டு நிமிஷம் நிக்க விடுங்க, டைகர் மொதல்ல ஒரு கால நீட்டும், அப்புறம் இன்னொரு கால், அப்புறம் அதுவே நடக்க ஆரம்பிச்சுடும்.