அலுவலகக் கணினிகளை ரீசெட் செய்து மறுபயன்பாட்டுக்குத் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியாளர் ஒருவர் விலகியதும் அவருடைய விண்டோஸ் மடிக்கணினியை ரீசெட் செய்து அடுத்தவரிடம் கொடுப்பது அன்றாட வேலைதான். ஆனால் அது நிறுவனத்துக்குள்ளேயே இருக்கப்போகிறதா, விற்பனைக்கோ நன்கொடைக்கோ வெளியே போகிறதா என்று முடிவு செய்யாமல் பொத்தானை அழுத்துவதிலிருந்தே பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

நிறுவனக் கணினிகளை அடுத்த பயனருக்குத் தயார்செய்யும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் ரீசெட், முந்தைய பயனரின் கோப்புகளையும் செயலிகளையும் அமைப்புகளையும் நீக்கினாலும், என்ட்ரா (நிறுவனக் கணக்குகளையும் சாதனங்களையும் அடையாளம் காணும் மைக்ரோசாஃப்ட் சேவை) இணைப்பையும் இன்ட்யூன் (சாதனங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் சேவை) பதிவையும் வைஃபை விவரங்களையும் அப்படியே வைத்துக்கொள்கிறது. அடுத்த பணியாளருக்கு இது வசதி. வெளியாருக்கு விற்கும் கணினிக்கு இது தவறான தேர்வு. வெளியே போகும் கணினியை இன்ட்யூனின் முழு அழிப்புக் கட்டளையான வைப்பால் அழிப்பதோடு ஆட்டோபைலட் பதிவையும் (இந்தக் கணினி உங்கள் நிறுவனத்துடையது என்று மைக்ரோசாஃப்டிடம் உள்ள குறிப்பு) நீக்க வேண்டும். அந்தப் பதிவு கணினியின் வட்டில் இல்லை என்பதால், வாங்கியவர் விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் உங்கள் நிறுவனத்தின் உள்நுழைவுத் திரையே அவர் முன் வந்து நிற்கும். உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியிலும் (நிறுவனத்தின் சொந்த சர்வரில் இயங்கும் கணக்கு அடைவு) என்ட்ராவிலும் ஒருசேர இணைந்த கணினிகளுக்கு ஆட்டோபைலட் ரீசெட் பொருந்தாது என்பதையும் பலர் பாதி வேலையில்தான் கண்டுகொள்கிறார்கள். அவற்றுக்கும் வைப்தான் வழி.

நான் மிகவும் அஞ்சுவது, ரீசெட் முடியும் முன்பே சாதனப் பதிவுகளைச் சுத்தப்படுத்தும் அவசரத்தை. தொலைவிலிருந்து அனுப்பிய கட்டளை, கணினி இயங்கி இணையத்தில் இணைந்த பிறகே அதைச் சென்றடையும். அலமாரியில் அணைத்து வைக்கப்பட்ட மடிக்கணினிக்குக் கட்டளை அனுப்பி, 'நிலுவையில்' என்று திரை காட்டும்போதே பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதுவது பொய்ப் பதிவு. அதைவிட மோசம், இன்ட்யூனிலிருந்தும் என்ட்ராவிலிருந்தும் சாதனத்தை அப்போதே நீக்கிவிடுவது. நீக்கினால் கட்டளை போய்ச்சேரும் வழி அடைபடுவதோடு, என்ட்ராவில் சேமித்திருந்த பிட்லாக்கர் மீட்புச் சாவியும் (குறியாக்கம் செய்த வட்டைத் திறக்கும் எண்) சேர்ந்து போய்விடும். ரீசெட் இடையில் நின்று அந்தச் சாவியைக் கேட்டால் கையில் எதுவும் இருக்காது.

ஆட்டோபைலட் ரீசெட்டை நேரில் செய்யும்போது, பூட்டுத் திரையில் கன்ட்ரோல், விண்டோஸ், ஆர் ஆகிய மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தி நிர்வாகிக் கணக்கில் நுழைய வேண்டும். இதற்கு அனுமதி தரும் கொள்கை (நிர்வாகி வகுக்கும் அமைப்பு) முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் மீட்புச் சூழல் (பழுது நீக்கவும் ரீசெட் செய்யவும் உதவும் தனிப் பகுதி) முடக்கப்பட்டிருந்தால் ரீசெட் தொடங்கவே தொடங்காது. ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையால் அதன் நிலையை முதலில் பார்த்துவிடுங்கள். மடிக்கணினி சார்ஜரில் இருக்கட்டும். மின்சாரம் போனாலும் விடாமல் அழிக்கும்படி வைப் கட்டளையில் ஒரு தேர்வு உண்டு. அது சில கணினிகளை மீண்டும் தொடங்க முடியாத நிலைக்குத் தள்ளக்கூடும் என்பதால், திருடுபோன கணினிக்கு அன்றி மறுபயன்பாட்டுக்கு உரியதற்கு அதைத் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததாகத் திரை சொன்னாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2022 பிப்ரவரியில், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் சில பதிப்புகளில் எல்லாவற்றையும் நீக்கும்படி ரீசெட் செய்த பிறகும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் போன்றவற்றின் கோப்புறைகளிலிருந்த கோப்புகள் எஞ்சியிருக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, பின்னர் புதுப்பிப்பு வெளியிட்டது. அந்தக் கோப்புகள் தங்கியிருந்த இடம் சி டிரைவில் உள்ள 'விண்டோஸ்.ஓல்ட்' (Windows.old) கோப்புறை. கணினியைக் கைமாற்றும் முன் அங்கே ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்று நிர்வாகிக் கணக்கில் நுழைந்து பார்க்க ஓரிரு நிமிடங்கள் போதும்.