பினர வளர்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்: தண்ணீர் குறைந்த மலைத் தோட்டத்துக்கான குறிப்புகள்

பினர இலங்கைக்கே உரிய காட்டுப்பூ. தாவரவியல் பெயர் எக்ஸாகம் ட்ரைநெர்வியம். ஐந்து நீல ஊதா இதழ்களும் நடுவில் தடித்த மஞ்சள் மகரந்தப் பைகளுமாக, வீதியோரத்து வெட்டுச் சரிவில் யாரும் பார்க்காமலே நிற்கும். அதே செடி, பசளையும் தண்ணீரும் குறையாத வீட்டுத் தோட்டத்தில் பலருக்கும் ஒட்டுவதில்லை. கவனிப்புக் குறைந்து சாவதைவிட, கவனிப்புக் கூடிச் சாவதுதான் அதிகம்.

முதல் தவறு காட்டிலிருந்து பிடுங்கி வருவது. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே செடியையோ விதையையோ எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, பூத்து நிற்கும் செடியை வேரோடு பெயர்த்தால் அது பிழைப்பதும் அரிது. நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதியோடு, செடிகள் நிறைய இருக்கும் இடத்தில், பத்துக் காய்க்கு ஒன்று என்ற அளவில் விதைக்காய் எடுங்கள். காய் பழுப்பு நிறமாகி, இன்னும் வெடிக்காத நிலையில் இருக்கவேண்டும். பொலித்தீன் பையில் போட்டால் ஒரே இரவில் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். கடதாசி உறையில் போட்டு நிழலில் காயவைத்து, வறுத்து ஆறிய அரிசி கொஞ்சம் போட்ட போத்தலில் உறையோடு மூடிவைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் விதைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இன்னொரு ஏமாற்றம் பூக்கன்றுக் கடையில் நடக்கும். 'பினர' என்று சொல்லி விற்கப்படும் சின்னப் பூச்சட்டி, சொக்கோத்ரா தீவைச் சேர்ந்த எக்ஸாகம் அஃபைன் என்ற வேறு இனமாக இருக்கலாம். உருண்டையான குட்டைச் செடி, நகத்தளவு பூ, நல்ல வாசனை என்றால் அது அதுதான். நமது பினர அதைவிட உயரமாக வளரும், பூவும் பெரியது. அழகுக்கு இரண்டையும் வைக்கலாம். விதை எடுக்கும் எண்ணம் இருந்தால் அருகருகே வைக்கவேண்டாம்.

முழு மலைநாட்டுக்கும் ஒரே நாட்காட்டி

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை அடித்துப் பெய்யும். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பக்கம் வறண்ட காற்று வீசும். ஏப்ரல் மழையை நம்பி கன்றை நிலத்தில் வைத்தால் மேற்கே அழுகும், கிழக்கே கருகும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நல்ல வாய்ப்பு, ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் பெய்யும் இடைப்பருவ மழைதான். ஆகவே ஜூலையில் கூரைக்கு அடியில் விதைத்து, ஒக்டோபரின் முதல் நல்ல மழைக்குப் பிறகு நிலத்தில் வையுங்கள்.

அதற்குப் பிறகு கவனிப்பு மாறுபடும். பண்டாரவளை, வெலிமடை இருக்கும் ஊவாப் பக்கம் டிசம்பர் வரை கனத்த மழை இருக்கும் என்பதால் பாத்தியை 15 சென்ரிமீற்றர் உயர்த்தவேண்டும். மேற்குப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீருக்கு வழி பார்க்கவேண்டும். நுவரெலியாவில் அதே ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் உறைபனி விழும். மாலையில் பழைய சாக்கால் மூடிக் காலையில் எடுத்துவிட்டால் போதும்.

விதையை மண்ணுக்குள் புதைப்பது

விதை தூசி மாதிரி இருக்கும். இதன் முளைப்புக்கு வெளிச்சம் வேண்டும். அரை சென்ரிமீற்றர் மண்ணுக்கு அடியில் போனாலும் அது போனதுதான். செய்யவேண்டியது இவ்வளவுதான்: அடியில் துளையிட்ட யோகட் கப்பில், சலித்த செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளை மூன்று தடவையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழியாவிட்டால் அதிலுள்ள உப்பு முளையைக் கருக்கும். கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, ஒரு சிட்டிகை விதையை ஒரு தேக்கரண்டி உலர்ந்த நுண்மணலோடு கலந்து மேலே தூவி, விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். மேலே மண் போடக்கூடாது.

மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை முழுவதும் ஒரு மூலையில் சேர்ந்துவிடும். கப்பை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்து, மேல்மண் நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். கண்ணாடித் துண்டால் மூடி, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பச்சைப் புள்ளிகள் தெரிந்ததும் பலர் மூடியை ஒரேயடியாக எடுத்துவிடுகிறார்கள், அல்லது எடுக்காமலே விடுகிறார்கள். முதலாவதில் முளை காயும், இரண்டாவதில் தண்டு அடியில் நீர்த்துச் சாயும். ஒரு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதே சரி. நான்கு இலை வந்ததும் தனித்தனிக் கப்புக்கு மாற்றுங்கள். எட்டு இலைக்குப் பிறகு, மண்கட்டி உடையாமல் நிலத்துக்கு. விதைத்ததிலிருந்து பூவரை அரை வருடம் போல பொறுக்கவேண்டும்.

நல்ல மண்ணும் நிறையப் பசளையும்

மலைநாட்டு மண் இயல்பிலேயே அமில மண். பினரவும் அதில்தான் பிறந்தது. தேயிலைக்குக் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுவதைப் பார்த்து, மிஞ்சியதைப் பூப்பாத்தியிலும் தூவுவது வழக்கம். அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். இரண்டுமே மண்ணின் அமிலத்தைக் குறைக்கும், இங்கே வேண்டாம். யூரியா போட்டால் தண்டு தளதளவென்று உயர்ந்து, முதல் காற்றில் சாய்ந்து, அடித்தண்டு அழுகும். ஒரு செடிக்கு ஒரு கைப்பிடி மக்கிய கூட்டுப்பசளை, நடும்போது ஒரே ஒரு முறை. தேயிலை மலைக்குக் கீழே தோட்டம் இருந்தால், மேலிருந்து பசளை கரைந்து வரும் தண்ணீர் பாத்தியில் இறங்காதபடி மேற்பக்கம் ஒரு சின்னக் கான் வெட்டுங்கள். தோட்டங்களில் வெட்டும் லொக் அன்ட் ஸ்பில் கானைப் போல இடையிடையே தடுப்பு விட்டால் மண்ணும் ஓடாது.

மானாப்புல்லை அரையடி உயரத்துக்கு மூடாக்காகப் போடுவது தேயிலைக்கு நல்லது, இதற்கு இல்லை. தண்டைச் சுற்றி ஈரம் தேங்குவது ஒன்று, விழும் விதைக்கு வெளிச்சம் கிடைக்காமல் போவது இன்னொன்று. தண்டிலிருந்து ஒரு சாண் தூரம் வரை வெறும் மண்ணாக விட்டு, மேலே மெல்லிய சல்லி தூவுங்கள். மானாப்புல் அதற்கு அப்பால் இருக்கட்டும். சுரண்டியோடு களை எடுக்க வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் அவசியம். தானாக முளைக்கும் கன்றுகள் இந்தச் சல்லிக்கு நடுவில்தான் வரும், களையோடு களையாகப் போய்விடும்.

தண்ணீர்: சிக்கனம் வேறு, பட்டினி வேறு

கற்றாழைக்கும் பினரவுக்கும் ஒரே கணக்கில் தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. பினர வறட்சிச் செடி அல்ல, ஈரம் தேங்குவதைத் தாங்காத செடி. மிச்சம் பிடிக்கவேண்டியது தண்ணீர் விடும் தடவைகளில். தினமும் மாலையில் இலை நனையத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், இரவு முழுவதும் நனைந்த தண்டில் பூஞ்சணம் ஏறும். வேர் பிடித்த செடிக்கு மழையில்லாத நாட்களில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, காலையில், அடியில் அரை லீற்றர். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம்.

பீலித் தண்ணீர் வற்றும் மாதங்களில் துணி துவைத்த நீரை ஊற்றுவது தோன்றும் யோசனைதான். சவர்க்கார நீர் காரத்தன்மை கொண்டது, சோடியமும் உண்டு. வாழைக்கு ஊற்றுங்கள், இதற்கு வேண்டாம். தகரக் கூரையிலிருந்து பிடிப்பதே நல்லது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 20 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் பெய்தால், சிந்தியது போக 160 லீற்றர் போலச் சேரும். 20 செடிக்கு ஒரு தடவைக்கு 10 லீற்றர்தான் செலவு. பீப்பாயை வலைத்துணியால் மூடுங்கள், டெங்கு நுளம்புக்கு அது தொட்டில்.

பூ நிறைய, காய் ஒன்றுமில்லை

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். பூவைக் கிட்டப் பார்த்தால் காரணம் தெரியும். மஞ்சள் மகரந்தப் பைகள் நீளவாக்கில் பிளப்பதில்லை; நுனியில் ஊசிக்கண் போன்ற துளை மட்டும் இருக்கும். சூல்தண்டு ஒரு பக்கமாக வளைந்து விலகி நிற்கும். பையைப் பிடித்துத் தொங்கியபடி உடம்பை அதிரவைக்கும் தேனீ வந்தால்தான் அந்தத் துளை வழியாக மகரந்தம் கொட்டும். கறுத்த பெரிய மரவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அதைச் செய்யும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, ஆகவே தேன்பெட்டி வைத்துப் பயனில்லை.

பக்கத்து லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திக்குக் காலையில் பூச்சிமருந்து அடித்தால் இந்த வண்டுகள்தான் முதலில் குறையும். மருந்து அடிப்பதாக இருந்தால் வண்டுகள் அடங்கிய பொழுது சாய்ந்த நேரத்தில். மரவண்டுக்கு இரண்டு காய்ந்த கட்டை, நீலப்பட்டைத் தேனீக்குச் சீமெந்து பூசாத மண்வரம்பு: இவ்வளவு விட்டுவைத்தால் தானே வந்து தங்கும்.

வண்டு வராத இடத்தில் பற்றரியில் ஓடும் பல்தூரிகை உதவும். மழையில்லாத நாளில், காலை எட்டு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில், பூவுக்குக் கீழே கறுப்புக் கடதாசி பிடித்து, மகரந்தப் பையின் அடியில் தூரிகையின் முதுகை இரண்டு மூன்று விநாடி தொடுங்கள். மாவு போல விழுவதைச் சிறு தூரிகையால் எடுத்து, வேறொரு செடியின் வளைந்த சூல்தண்டின் நுனியில் தடவுங்கள். பிறகு அந்தப் பூ வாடியதும் அழகு கெடுகிறது என்று கிள்ளிவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பூவையாவது காயாக முற்றவிட்டு, அதில் பாதியைப் பறித்து அடுத்த ஜூலைக்கு வையுங்கள், மீதியைச் சல்லியிலேயே வெடிக்க விடுங்கள்.