கேரவனுக்கு ஏசி கடைசி வேலை: வடசென்னை வெயிலில் வண்டியைக் குளிர்ச்சியா வைக்கிறது எப்படி

பழைய டிராவலர் வேனை வீடா மாத்திட்டு என்கிட்ட வர்ற பசங்க முதல்ல கேக்கிறது ஒரே கேள்விதான்: "எத்தனை டன் ஏசி போடலாம்ணே?" நான் திருப்பிக் கேப்பேன்: "மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள நின்னு கூரையைக் கையால தொட்டுப் பார்த்தியா?" கை வைக்க முடியாத கூரைக்குக் கீழே எத்தனை டன் போட்டாலும் பத்தாது. ஏசி ஓடும், பேட்டரி காலியாகும், வேர்வை மட்டும் நிக்காது.

நான் ஹார்பருக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினவன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல வரிசையில நின்னு, இன்ஜினை அணைச்சிட்டு, கேபினுக்குள்ளயே படுத்து எழுந்த ஆளு. 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு ஆனது 2025 அக்டோபர்ல இருந்து தயாராகிற வண்டிகளுக்குத்தான். அதுக்கு முன்னாடி ஓட்டின நாங்க எல்லாம் நிழலையும் காத்தையும் நம்பித்தான் காலம் தள்ளினோம். இப்ப திருவொற்றியூர்ல இருந்து நானும் வீட்டுக்காரம்மாவும் எங்க வேன்ல பழவேற்காடு, ஏலகிரின்னு போய் வர்றோம். அந்த கேபின்ல கத்துக்கிட்டதுதான் இந்த வேன்ல இருக்கு.

வேலையோட வரிசை இதுதான்: வெயிலை உள்ள விடக்கூடாது. மீறி வந்த சூட்டை வெளியே தள்ளணும். அப்புறமும் மிச்சம் இருந்தா மெஷின். நிறைய பேர் இதைத் தலைகீழா செஞ்சு காசை அழிக்கிறாங்க.

சென்னை 13 டிகிரி அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் 24 வாக்கில உச்சிப்பொழுதுல சூரியன் நேரா தலைக்கு மேல வந்திடும். மே, ஜூன், ஜூலை முழுக்க மத்தியான வெயில் லேசா வடக்குப் பக்கம் இருந்து விழும். ஆகஸ்ட் நடுவுல திரும்பவும் தலைக்கு மேல வந்துட்டுத்தான் தெற்கே நகரும். அதாவது அக்னி நட்சத்திரக் காலத்துல வண்டியில அதிகமா வெயில் வாங்குறது கூரைதான். பக்கச் சுவர் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வாங்கும். கூரைக்கு ஓய்வே கிடையாது.

அதனால கூரையை முதல்ல வெள்ளையாக்குங்க. துருவைத் தேய்ச்சு எடுத்து, இரும்புக்கு உண்டான பிரைமர் அடிச்சு, மேல வெயிலைத் திருப்பி அனுப்புற கூல் ரூஃப் பெயின்ட் ரெண்டு கோட். இந்தச் செலவுக்கு இதை விடப் பலன் கொடுக்கிற வேலை வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டைப் பக்கம் நிக்கிற வண்டிக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. கரித்தூளும் சாம்பலும் படிஞ்சு வெள்ளைக் கூரை சாம்பல் கலராயிடும். கலர் மாறினா வெயிலை உறிஞ்ச ஆரம்பிச்சிடும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணி ஊத்தித் துடைச்சு விடுங்க. உப்புக்காத்துல வந்து படியிற உப்பும் அதோட போயிடும். சோலார் பேனலையும் அப்பவே துடைச்சிடலாம்.

அடுத்தது ரெட்டைக் கூரை. தகரத்துக்கு மேல ரெண்டு மூணு அங்குலம் இடைவெளி விட்டு, அலுமினிய ஃபிரேம்ல இன்னொரு ஷீட். ஓட்டு வீட்டு மேல கீற்று வேய்ஞ்ச மாதிரிதான் இதுவும்: மேல் ஷீட் வெயிலை வாங்கிக்கும், நடுவுல ஓடுற காத்து சூட்டை எடுத்துட்டுப் போயிடும், கீழ்த் தகரம் நிழல்ல இருக்கும். சோலார் பேனல் போடுறவங்களுக்கு இந்த வேலை பாதி முடிஞ்ச மாதிரி. பேனலையே ரெண்டாவது கூரையா வைங்க. ஆனா கூரையோட ஒட்டிப் போடாதீங்க. வளையிற பேனலைப் பசை போட்டு ஒட்டினா அதோட சூடு நேரா உள்ள இறங்கும், பேனலுக்கும் கெடுதல். 25 டிகிரிக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் பேனல் கொடுக்கிற கரண்ட் 0.3 சதவீதத்துல இருந்து 0.4 சதவீதம் வரை குறையும். கீழே காத்து போனா ரெண்டும் பிழைக்கும்.

உள்பக்கம் இன்சுலேஷன், அதாவது சூட்டைத் தடுக்கிற உறை. பாடி கட்டுற இடத்துல மலிவா இருக்குன்னு தெர்மாகோல் வைக்கச் சொல்வாங்க, வேணாம். ரப்பர் பசையில இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைக் கரைச்சிடும், தீயும் சுலபமாப் பிடிக்கும். கண்ணாடிப் பஞ்சும் கடலோரத்துக்கு ஆகாது. நம்ம காத்துல இருக்கிற ஈரம் பஞ்சுல தங்கி, உள்ளுக்குள்ளயே தகரம் துருப்பிடிக்கும். ஏசி பைப்புக்குச் சுத்துற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் இருக்கே, அதுதான் சரி. தண்ணியை உறிஞ்சாது. கூரைக்கு 20 மில்லிமீட்டருக்குக் குறையாம போடுங்க, சுவருக்குக் கொஞ்சம் குறைச்சாலும் பரவாயில்ல. முக்கியமா, தகரத்துக்கு மட்டும் ஒட்டிட்டு, தகரத்தைத் தாங்குற இரும்புச் சட்டத்தை, அதான் ரிப்பை, அப்படியே விடுவாங்க. சூடு அந்த ரிப் வழியா நேரா இறங்கி வரும். ரிப்புக்கு மேலயும் ஒட்டச் சொல்லிப் பக்கத்துல நின்னு பாருங்க. வெள்ளிக் கலர் ஃபாயில் போட்டா அதோட பளபளப்புப் பக்கத்துக்கு முன்னாடி கொஞ்சம் காலி இடம் விடணும். ரெண்டு பக்கமும் பலகையோட அழுத்தி வச்சா அது வெறும் காகிதம்.

கண்ணாடிக்குத் திரை வெளிப்பக்கம் போடணும். முன் கண்ணாடி வழியா வெயில் உள்ள வந்ததுக்கப்புறம் உள்பக்கம் திரை போட்டு மறைச்சா, திரை சூடாகி அந்தச் சூடு உள்ளயேதான் நிக்கும். தார்ப்பாய் தைக்கிற கடையில கண்ணாடி அளவு கொடுத்து, வெளிப்பக்கம் வெள்ளித் துணி வச்சுத் தைக்கச் சொல்லுங்க. ரெண்டு ஓரத்தையும் கதவுக்குள்ள சொருகி மூடினா காத்துல பறக்காது. கறுப்பு ஃபிலிமை நம்பாதீங்க. முன், பின் கண்ணாடியில 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவணும்னு விதி இருக்கு.

வண்டியை எந்தத் திசை பார்த்து நிறுத்துறோம்கிறதுல பாதி சுகம் இருக்கு, இதுக்கு ஒரு ரூபா செலவு இல்ல. வடசென்னையில கடல் கிழக்கே. நம்ம வண்டிக்கு ஏறுற கதவு இடது பக்கம். அப்ப வண்டி தெற்கே பார்த்து நின்னா கதவு கடலைப் பார்க்கும். மத்தியானம் 12 மணியில இருந்து 2 மணிக்குள்ள கடல்காத்து ஏறும்போது நேரா கதவு வழியா வரும். மே, ஜூன்ல உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ஞ்சிருக்கிறதால தெற்கே பார்க்கிற முன் கண்ணாடியில மத்தியான வெயிலும் விழாது. மேற்குப் பக்கம், அதாவது டிரைவர் பக்கம், சாயங்கால வெயில் வாங்கும். அங்க ஒரு தார்ப்பாயோ பச்சை நிழல்வலையோ கட்டுங்க. சுவரோட ஒட்டிக் கட்டாம ஒரு முழம் தள்ளிக் கட்டினாத்தான் நடுவுல காத்து போகும்.

மேல்காத்து, அதாவது மேற்கே இருந்து வர்ற காத்து, வலுத்து அடிக்கிற நாள் வேற கணக்கு. அன்னிக்குக் கடல்காத்து தாமதமாகும், சில நாள் வரவே வராது. 2003 மே கடைசியில சென்னையில 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாள்ல காலையில பத்து மணிக்கே ஜன்னலை எல்லாம் சாத்திடுங்க. வெளிக்காத்து உள்ளதை விடச் சூடா இருக்கும்போது திறந்து வைக்கிறது அனலை வரவழைக்கிறதுதான். கிழக்கே மரத்து இலை அசைஞ்சு, முகத்துல ஈரம் தட்டினதும் திறங்க.

ஒரே இடத்துல பல வாரம் நிக்கிற வண்டின்னா சவுக்குக் கம்பு நட்டு மேல பந்தல் போட்டுடலாம். கீற்றுப் பந்தல் நிழலுக்கு ஈடு எதுவும் இல்ல, ஆனா அதுக்குக் கீழே அடுப்பு மூட்டக்கூடாது. சமைக்கிற வண்டின்னா நிழல்வலையே போதும்.

இனி காத்து. சூடான காத்து மேலே போகும். அதனால கூரையில வெளியே இழுக்கிற ஃபேன் ஒண்ணு, எதிர்மூலையில தாழ்வா, நிழல் பக்கத்துல, காத்து நுழைய ஒரு வழி. மத்த ஜன்னலை எல்லாம் சாத்திடணும். எல்லாத்தையும் திறந்து வச்சா ஃபேன் பக்கத்து ஜன்னல் காத்தையே இழுத்து வெளியே விடும், படுக்கிற இடத்துல ஒண்ணும் அசையாது. படுக்கைக்கு நேரா பிஎல்டிசி ஃபேன் போடுங்க. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் தின்னும், இது 30 வாட் பக்கத்துலயே முடிஞ்சிடும்.

நம்ம பக்கம் காத்துக்கு எதிரி கொசு. பக்கிங்காம் கால்வாய் ஓரமா, கொடுங்கையூர்ப் பக்கமா ராத்திரி நிறுத்தினவங்களுக்குத் தெரியும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினா மேல சொன்ன அத்தனை வேலையும் வீண். எல்லாத் திறப்புக்கும், கூரை ஃபேனுக்கும் சேர்த்து, வலை அடிச்சிடுங்க. வலை போட்டா காத்து குறையும்கிறதால ஜன்னலை முதல்லயே பெருசா வெட்டச் சொல்லுங்க. புதுப்பேட்டையில பழைய பஸ் ஜன்னல் ஃபிரேம் தேடினா நல்லதாவே கிடைக்கும்.

இன்சுலேஷன் நல்லா இருக்கிற வண்டி ராத்திரி சூட்டையும் பிடிச்சு வச்சுக்கும். பொழுது இறங்கினதும் கதவு, ஜன்னல், டிக்கி எல்லாம் திறந்து, ஃபேனை முழு வேகத்துல விடுங்க. ஓட்டிட்டு வந்து நிறுத்தின வண்டியில இன்ஜின் சூடு ரொம்ப நேரம் முன்பக்கமா ஏறிக்கிட்டே இருக்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி தடிமனான திரை ஒண்ணு கட்டாயம் வேணும். ஃபோம் மெத்தை முதுகுச் சூட்டை விடாது. வெயில் காலத்துல அதுக்கு மேல ஒரு கோரைப் பாய் விரிச்சுப் படுங்க, வித்தியாசம் அன்னிக்கே தெரியும்.

தண்ணி ஊத்துற ஏர் கூலர் மட்டும் கடலோரத்துல வேணாம். தண்ணி ஆவியானாத்தான் அது குளிர்விக்கும். இங்க காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருக்கு. சின்ன வண்டிக்குள்ள கூலர் ஓட்டினா வேர்வை காயாம உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். திருத்தணி, வேலூர் தாண்டிக் காஞ்ச காத்துக்குப் போனா அதே கூலர் நல்லா வேலை செய்யும், வெட்டிவேர்த் தட்டியும் அப்படித்தான். உள்ள ஈரத் துணி காயப் போடுறது, சோறு வடிக்கிறது எல்லாமே புழுக்கத்தைக் கூட்டும். எங்க வீட்டம்மா விடியக்காலையில வெளியே அடுப்பு வச்சு சமைச்சிடுவாங்க. மத்தியானத்துக்குக் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகா, கருவாடு.

இவ்வளவும் செஞ்ச பிறகு ஏசி. டிராவலர் அளவு வண்டிக்கு முக்கால் டன், மிஞ்சினா ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி. ஒரு டன்னுன்னா முழு வேகத்துல ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். கூரை சரியா இருந்து, 26 டிகிரியில வச்சு ஃபேனும் ஓடினா, ராத்திரி சராசரியா 400 வாட்ல நிக்கும். எட்டு மணி நேரத்துக்கு 3.2 யூனிட். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒண்ணுல 1.28 யூனிட்தான் இருக்கு. அப்ப மூணு வேணும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணினா ஆயுசு குறையும், அதனால 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒண்ணுல ஒரு யூனிட் கூட எடுக்க முடியாது. பேட்டரியை இன்ஜின் பக்கத்துலயும் மேற்கு வெயில் விழுற பெட்டியிலயும் வைக்காதீங்க. வீட்டு ஸ்ப்ளிட் ஏசியை வண்டியில மாட்டினா வெளி யூனிட்டுக்கு ரப்பர் புஷ் வைங்க, ஆட்டத்துல செம்புக் குழாய் மூட்டு விட்டு கேஸ் போயிடும். வெளி யூனிட்ல இருக்கிற கண்டென்சர் தகட்டை நல்ல தண்ணியில அடிக்கடி கழுவணும், இல்லாட்டி உப்பு அரிச்சிடும்.

ஜெனரேட்டரையோ வண்டி இன்ஜினையோ ஓட விட்டு, ஏசியைப் போட்டுட்டு, கதவைச் சாத்தித் தூங்காதீங்க. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கம், ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு அடித்தளம் வழியா உள்ள ஏறியிருக்கு. அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல, தூங்கிறவனை எழுப்பவும் எழுப்பாது. படுக்கைப் பக்கத்துல கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு மாட்டுங்க. தரையில ஒயர் போற ஓட்டை எல்லாத்தையும் அடைங்க. தூங்கும்போது ஏசி ஓடணும்னா பேட்டரியில மட்டும்.

குழந்தைகளையும் நாயையும் சாத்தின வண்டிக்குள்ள அஞ்சு நிமிஷம்கூட விட்டுட்டுப் போகாதீங்க. வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள பத்தே நிமிஷத்துல பத்து டிகிரி ஏறிடும். யாருக்காவது உடம்பு கொதிச்சு, பேச்சு குழறினா அது வெயில் தாக்கு. நிழல்ல படுக்க வச்சு, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108-க்குப் போன் போடுங்க. நினைவு தெளிவா இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தக் கூடாது.

வெயில் முடிஞ்சதும் ஒரு வேலை பாக்கி இருக்கு. ஃபேனுக்கும் ரெட்டைக் கூரைக்கும் போட்ட ஓட்டைகள்ல சீலன்ட் வெயில்ல வெடிச்சிருக்கும். செப்டம்பர்லயே மேல ஏறி ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பார்த்து, துருப்பிடிச்சதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்தி, பாலியூரிதேன் சீலன்ட் புதுசா வைங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல எப்ப வேணா ஆரம்பிச்சிடும்.