கணினியில் அமைக்கப்பட்டுள்ள தரவுத்தள இணைப்புகளைக் கண்டறியும் முறை

தரவுத்தள சர்வரை இடம் மாற்றுவதற்கு முன், அதைப் பயன்படுத்தும் கணினி ஒவ்வொன்றிலும் என்னென்ன இணைப்புகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்று பட்டியல் எடுத்துக்கொள்வது அவசியம். விண்டோஸில் இவை பெரும்பாலும் ஓடிபிசி (மென்பொருள்கள் தரவுத்தளங்களோடு இணைவதற்கான பொது முறை) வழியாக, டிஎஸ்என் எனப்படும் இணைப்புப் பெயர்களில் பதிவாகியிருக்கும்.

ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தேடினால் 32-பிட், 64-பிட் என இரண்டு கருவிகள் வரும். இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, இணைப்பே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். யூசர் டிஎஸ்என் பகுதியில் இருப்பவை, அப்போது லாகின் செய்திருப்பவருக்கு மட்டுமே உரியவை. சிஸ்டம் டிஎஸ்என் பகுதியில் இருப்பவை கணினியின் எல்லாப் பயனர்களுக்கும், பின்னணியில் இயங்கும் சர்வீஸ்களுக்கும் பொதுவானவை. ஆனால் இவை 32-பிட்டுக்கும் 64-பிட்டுக்கும் ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் அமைப்புத் தொகுப்பில் தனித்தனி இடங்களில் சேமிக்கப்படுவதால், ஒரு கருவியில் தெரிவது மற்றதில் தெரியாமல் போகலாம். டிரைவர்ஸ் பகுதியில் ஒரு பெயர் இருப்பது அந்த டிரைவர் (தரவுத்தளத்தோடு பேச உதவும் மென்பொருள்) நிறுவப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று; இணைப்பு இருக்கிறது என்பதற்கு அல்ல.

டிஎஸ்என் பெயரை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம். 'டெஸ்ட்' என்று பெயரிட்ட இணைப்பு, அன்றாடப் பணி நடக்கும் சர்வரையே சுட்டிக்கொண்டிருக்கலாம். பெயரைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் பொத்தானை அழுத்தினால், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கான இணைப்பாக இருக்கும்பட்சத்தில், முதல் பக்கத்திலேயே சர்வரின் பெயர் தெரியும். தரவுத்தளத்தின் பெயர் அடுத்தடுத்த பக்கங்களில் வரும். குறித்துக்கொண்டதும் கேன்சல் கொடுத்து வெளியேறுங்கள்.

கணினிகள் பல இருந்தால் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லே வசதி. விண்டோஸ் 8 முதல் அதில் உள்ள கெட்-ஓடிபிசிடிஎஸ்என் கட்டளை, ஒவ்வோர் இணைப்பின் பெயர், வகை, 32-பிட்டா 64-பிட்டா என்பது, டிரைவர் ஆகியவற்றைத் தந்துவிடும். லினக்ஸில் ஓடிபிசிக்கான யூனிக்ஸ்ஓடிபிசி மென்பொருள் இருந்தால், ஓடிபிசிஇன்ஸ்ட் கட்டளையை முதலில் ஜே என்ற ஆப்ஷனுடன் இயக்கி, எந்தெந்தக் கோப்புகள் படிக்கப்படுகின்றன என்று தெரிந்துகொண்டு அவற்றைத் திறந்து பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சில இணைப்புகள் விடுபடும். சர்வர் முகவரியை கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்காக (இணைப்பு விவரங்களைக் கொண்ட ஒரு வரியாக) தன் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பிலேயே வைத்திருக்கும் மென்பொருள், டிஎஸ்என் இல்லாமலே இணைந்துவிடும். அதன் கோப்புறையில் உள்ள கான்ஃபிக் கோப்புகளில் சர்வரின் பெயரையும் ஐபி முகவரியையும் தேடிப் பார்க்க வேண்டும். தனிக் கணக்கில் இயங்கும் சர்வீஸாக இருந்தால், அந்தக் கணக்கில் லாகின் செய்து யூசர் டிஎஸ்என் பட்டியலை மறுபடியும் பார்க்க வேண்டும்.