பெயரில்லாத பங்களா அடுப்பு: யார் வார்த்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மூணாறு, பீர்மேடு பக்கத்துப் பழைய எஸ்டேட் பங்களாக்களில் கழற்றிய வார்ப்பிரும்பு விறகு அடுப்பு ஆக்ரிக் கடைக்கு (பழைய இரும்புக் கடை) வந்து சேரும்போது, முகப்பில் பெயர் இருக்காது. மற்ற இடங்களையும் பார்த்துவிட்டுத்தான் ‘பெயரே இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

1. துருவை எடுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். லேசாக மேடாக நிற்கும் எழுத்தும் துருவோடு போய்விடும். மண்ணெண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் கையாலேயே தேயுங்கள். கதவு ஓரத்தில் வெள்ளை நார்க்கயிறு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.

2. தேடுங்கள். கதவின் உள்பக்கம், மேல்தட்டின் அடி, சாம்பல் தட்டு, புகைக்குழாய் உட்காரும் வளையம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டோடு படுக்கவைத்து அடித்தால் மேடு நிழல் காட்டும். தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். தனியாக நிற்கும் ‘12’, ‘47’ எல்லாம் பெரும்பாலும் பாக எண்கள். வருஷம் என்று நினைத்துவிடாதீர்கள். விறகைத் தாங்கும் தீக்கம்பிகள்தான் முதலில் எரிந்து மாற்றப்படும். அதில் மட்டும் இருக்கும் பெயரை நம்ப முடியாது.

3. பதிவு முத்திரை. சாய்சதுர முத்திரை என்றால் பிரிட்டிஷ் வடிவப் பதிவு, 1842 முதல் 1883 வரை. ‘ஆர்.டி.’ (Rd) போட்டு எண் இருந்தால் 1884-க்குப் பிறகு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பதிவு செய்தவர் பெயர் கிடைக்கும். அது வடிவம் பதிவான ஆண்டுதான், அடுப்பு வார்த்த ஆண்டு அல்ல.

4. மரையை எண்ணுங்கள். முத்திரை இல்லாவிட்டால் இதுதான் வழி. அரை அங்குல போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை இருந்தால் விட்வொர்த் எனும் பிரிட்டிஷ் மரை அளவு, 13 இருந்தால் அமெரிக்க அளவு. போல்ட்டை யாரும் மாற்றியிருக்கலாம். வார்ப்பிலேயே வெட்டிய மரையைப் பாருங்கள். பிரிட்டிஷ் என்றால் ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் வட்டாரத்து வார்ப்பாலைகளான கேரன் (1759-இல் தொடங்கியது), பானிபிரிட்ஜின் ஸ்மித் அண்ட் வெல்ஸ்டுட் ஆகியவற்றின் பழைய விலைப்பட்டியல் படங்களோடு கால், கீல், காற்றைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தின் துளைகளை ஒப்பிடத் தொடங்கலாம்.

5. நகலா? அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. உள்ளூர்ப் பட்டறையில் சீமை அடுப்பின் தட்டையே அச்சாக மணலில் பதித்து வார்த்திருக்கலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 1 சதவீதம் சுருங்கும். 24 அங்குலத் தட்டின் நகல் 23¾ அங்குலம்தான் வரும். பூவேலையின் விளிம்பும் மழுங்கியிருக்கும். ஒரே ஒரு அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீளம், அகலம், கதவு என எல்லாமே அசலைவிட அதே விகிதத்தில் குறைந்தால்தான் நகல். கடைக்காரர் ‘ஸ்காட்லாந்து சரக்கு’ என்று விலை சொன்னால், முதலில் டேப்பை எடுங்கள்.