களவா, கொள்ளையா, ஏமாற்றா: முறைப்பாட்டுக்கு முன் பிரித்தறியும் முறை

பொருள் பறிபோனால், முதலில் அது யாருடைய உடைமையிலிருந்து, எவ்வாறு போனது என்று பாருங்கள். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 366 ஆம் பிரிவின்படி, அசையும் பொருளொன்றை அதை வைத்திருப்பவரின் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்துடன் எடுப்பதற்காக அசைத்தாலே அது களவாகும். கொண்டுபோய்விட்டார்களா என்பது கேள்வியல்ல. சம்மாந்துறை வயலில் விளைந்து நிற்கும் நெல் மண்ணோடு இணைந்திருக்கும்வரை களவுக்குரிய பொருளன்று. ஆனால் இரவில் ஒருவர் அதை அறுத்தெடுத்தால், அறுக்கும் அச்செயலே களவாகிவிடலாம். எங்கள் விவசாயிகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

களவின்போது அடித்தாலோ, உடனடித் தீங்கு நேருமென அச்சுறுத்தினாலோ அது கொள்ளை.

கல்முனை வியாபாரி கடனுக்கு நெல் வாங்கிப் பணம் தராதிருப்பது மட்டும் ஏமாற்றுக் குற்றமாகாது. தரும் எண்ணம் வாங்கும்போதே அவருக்கு இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஆகவே அன்று அவர் சொன்ன வார்த்தைகளையும் கொடுத்த காசோலையையும் முறைப்பாட்டில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். குற்றத்தின் பெயரை நீங்கள் எழுதத் தேவையில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லி, பொலிஸார் எழுதியதை வாசிக்கக் கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.