உட்கருக்களைக் கணினி எண்ணட்டும்: ஃபிஜியில் முதல் பாடம்

வேலூர் பாகாயத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. குடியாத்தம் முதல் அரக்கோணம் வரை பழைய வட ஆற்காட்டுக் கல்லூரிகளில் பயோடெக்னாலஜியும் மைக்ரோபயாலஜியும் படிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் செல் படங்களைக் கணினியில் அளப்பது என்றாலே, அது கோடி ரூபாய்க் கருவி இருக்கிற இடத்து வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையே இல்லை. சாதாரண லேப்டாப்பும் இணையமும் போதும், இன்று சாயங்காலமே தொடங்கலாம்.

முதலில் ஃபிஜியை இறக்கிக்கொள்ளுங்கள். இது இலவசம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1997-ல் வெளியிட்ட இமேஜ்ஜே என்ற படம் அளக்கும் மென்பொருளோடு, உயிரியலுக்குத் தேவையான துணைக் கருவிகளையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. ஜிப்பைப் பிரித்துத் திறந்தாலே ஓடும்.

கையில் படம் இல்லையா? 'ஃபைல்' மெனுவில் 'ஓபன் சாம்பிள்ஸ்' போய் 'ஃப்ளூரசன்ட் செல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நிறச் சாயம் ஏற்றிய செல்கள் வரும். நீலமாக ஒளிர்பவைதான் உட்கருக்கள். அவற்றில் இருப்பது டிஎன்ஏ-வில் போய் ஒட்டிக்கொள்ளும் சாயம். 'இமேஜ்', 'கலர்', 'ஸ்ப்ளிட் சேனல்ஸ்' என்று போனால் மூன்றும் தனித்தனிச் சன்னலாகப் பிரியும். நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுங்கள்.

அப்புறம் லேசாக மங்கலாக்க வேண்டும். 'ப்ராசஸ்', 'ஃபில்டர்ஸ்', 'காஸியன் ப்ளர்', சிக்மா (எவ்வளவு மங்கல் என்பதற்கான எண்) 1 அல்லது 2. படத்தைக் கெடுப்பது போலத் தெரியும், ஆனால் தனித்தனியாகத் துள்ளும் பிக்சல்கள் அடங்கினால்தான் அடுத்த படி ஒழுங்காக நடக்கும். பின்னணி ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் 'சப்ட்ராக்ட் பேக்கிரவுண்ட்' கொடுங்கள்.

இப்போது த்ரெஷோல்ட். எந்த வெளிச்சத்துக்கு மேல் இருப்பது உட்கரு, எதற்குக் கீழே இருப்பது வெறும் பின்னணி என்று கோடு கிழிப்பதுதான் இது. மொத்தக் கணக்கும் இந்த ஓர் எண்ணில் நிற்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள். முதலில் 'ப்ராசஸ்', 'பைனரி', 'ஆப்ஷன்ஸ்' போய் 'பிளாக் பேக்கிரவுண்ட்' டிக் செய்யுங்கள். 'இமேஜ்', 'அட்ஜஸ்ட்', 'த்ரெஷோல்ட்' திறந்து 'டார்க் பேக்கிரவுண்ட்' டிக் செய்து, பட்டியலில் 'ஓட்சு' எடுங்கள். ஜப்பானின் நொபுயுகி ஓட்சு 1979-ல் சொன்ன வழி இது. பிக்சல்களை வெளிச்சம், இருட்டு என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே வேறுபாடு அதிகபட்சமாக இருக்கும் இடத்தில் வெட்டும். சறுக்குப்பட்டியைக் கையால் இழுத்து 'பார்க்க நன்றாக இருக்கிற' இடத்தில் நிறுத்தும் பழக்கம் வேண்டாம். நாளைக்கு அதே இடத்தில் நிறுத்த உங்களாலேயே முடியாது. படத்துக்குப் படம் ஒரே முறையைப் பயன்படுத்தினால்தான் ஒப்பிடுவதற்கு அர்த்தம் உண்டு. சரியாக வந்ததும் 'அப்ளை'.

ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உட்கருக்களைக் கணினி ஒன்றாகவே எண்ணும். 'ப்ராசஸ்', 'பைனரி', 'ஃபில் ஹோல்ஸ்', அதன் பிறகு 'வாட்டர்ஷெட்' கொடுத்தால், இடுப்பு ஒடுங்கிய இடத்தில் ஒற்றைப் பிக்சல் அகலத்தில் ஒரு கோடு விழும். அவரைக்காய் போல நீண்ட உட்கரு என்றால் ஒன்றையே இரண்டாக வெட்டிவிடுவதும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 'அனலைஸ்', 'அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்'. 'ஷோ'வில் 'அவுட்லைன்ஸ்', கீழே 'சம்மரைஸ்', 'எக்ஸ்க்ளூட் ஆன் எட்ஜஸ்'. கடைசியில் சொன்னது, ஓரத்தில் வெட்டுப்பட்ட உட்கருக்களை விட்டுவிடும். பரப்பு அளக்கும்போது அது கட்டாயம் வேண்டும். 'சைஸ்' கட்டத்தில் குறைந்தபட்ச அளவு கொடுத்தால் தூசி போய்விடும். 10 மைக்ரான் விட்டமுள்ள உட்கருவின் பரப்பு சுமார் 80 சதுர மைக்ரான், அதில் கால்வாசிக்கும் கீழே இருப்பதைத் தள்ளலாம். படத்தில் அளவு பதியவில்லை என்றால் இந்தக் கணக்கைப் பிக்சலில் போட வேண்டும்.

சொந்தப் படத்தில் அளவு பதிக்க ஒரு வழி சொல்கிறேன். எல்லாக் கல்லூரி லேபிலும் ரத்த அணு எண்ணும் நியூபாவர் சேம்பர் இருக்கும். அதன் நடுக்கட்டத்தில் உள்ள மிகச் சிறிய சதுரத்தின் பக்கம் 0.05 மில்லிமீட்டர், அதாவது 50 மைக்ரான். அதே லென்ஸில் அதைப் படமெடுத்து, சதுரத்தின் மேல் கோடு இழுத்து, 'அனலைஸ்', 'செட் ஸ்கேல்' போய் நீளத்துக்கான கட்டத்தில் 50 என்று கொடுங்கள். முடிந்தது. படமெடுக்கும்போது ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். டிஃப் வடிவில் சேமியுங்கள், ஜேபெக் வேண்டாம். வேலூர் மே மாத வெயிலில் ஏசி நின்று நின்று ஓடும் அறையில் ஃபோகஸ் தானே நகரும். அறைச் சூடு நிலைத்த பிறகு தொடங்குவது நல்லது. மருத்துவமனை ஸ்லைடு என்றால் நோயாளியின் பெயரோ எண்ணோ கோப்பின் பெயரில்கூட வரக் கூடாது.

எண் வந்துவிட்டது என்று அப்படியே அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். இங்கேதான் நான் எல்லாரையும் பிடித்து நிறுத்துவேன். மூலப்படத்தைத் திறந்து, 'மல்டி பாயின்ட்' கருவியால் உட்கருக்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி எண்ணுங்கள். ஓரத்தில் வெட்டுப்பட்டதை இங்கேயும் விட்டுவிடுங்கள். அவுட்லைன் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மொத்தமும் ஒத்துப்போனால் மட்டும் போதாது: இரண்டை விட்டுவிட்டு, வேறு இரண்டை வெட்டிக் கூட்டியிருந்தாலும் மொத்தம் சரியாகத்தான் வரும். எது விடுபட்டது, எது ஒட்டியது, எது பிளந்தது என்று தனித்தனியாகக் குறியுங்கள். பல படங்களில் இப்படிச் சரிபார்த்த பிறகு கணினியை நம்பலாம்.

அதன் பிறகுதான் வேகம். 'ப்ளகின்ஸ்', 'மேக்ரோஸ்', 'ரெக்கார்ட்' போட்டு இதே படிகளைச் செய்தால் ஃபிஜி அவற்றை வரிவரியாக எழுதிவைக்கும். அந்த வரிகள்தான் மேக்ரோ. 'ப்ராசஸ்', 'பேட்ச்', 'மேக்ரோ'வில் அதை ஒட்டினால் ஒரு ஃபோல்டர் முழுக்க ஓடும். பெரிய ஆய்வுக்கூடங்களில் இது ஏன் உயிர்நாடி என்றால், 384 குழி உள்ள ஒரு தட்டில் குழிக்கு 9 இடம், இடத்துக்கு 5 நிறம் என்று எடுத்தாலே 17,280 படங்கள். ஆறு சாயங்களை ஐந்து நிற அலைவரிசைகளில் படமெடுக்கும் செல் பெயின்ட்டிங் முறை இப்படித்தான் நடக்கிறது. அந்த அளவுக்குப் போகும்போது, அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தில் உருவான செல்ப்ரொஃபைலர் என்ற செல் பட அளவீட்டு மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். செல்கள் நெருக்கியடித்துக் கிடந்து த்ரெஷோல்ட் கைவிட்டால், செல் படங்களில் முன்பே பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளான செல்போஸ் உதவும்.

பயிற்சிக்கு, பிராட் நிறுவனமே பொதுவில் வைத்திருக்கும் பிபிபிசி 039 (BBBC039) படத் தொகுப்பை எடுங்கள். யு2ஓஎஸ் என்ற மனித எலும்புப் புற்றுநோய்ச் செல் உட்கருக்களின் 200 படங்கள், ஒவ்வொன்றுக்கும் உயிரியலாளர்கள் கையால் வரைந்த எல்லைகளோடு. உங்கள் மேக்ரோவை முதல் பத்துப் படத்தில் ஓட்டி, அந்த எல்லைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ப்ராஜெக்ட் அறிக்கையின் பின்னிணைப்பில் அந்த மேக்ரோவையும் அப்படியே சேர்த்துவிடுங்கள்.